கோபத்தை ஆண்டவரிடம் கொட்டியவர்கள்: சில அனுபவங்கள்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து:

"கோபம் போக ஜெபம் பண்ணுங்கள்" என்று சொல்கிறவர்கள் எந்தக் கோபத்தைச் சொல்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். பஸ்ஸில் காலை மிதித்தவன் மேல் வருகிற கோபம் நாம் இறங்குவதற்குள் போய்விடும். சொத்துக் கோபம் அப்படிப் போகாது. அப்பா பங்கில் வந்த விளையில், அதாவது தோட்ட நிலத்தில், எல்லைக்கல்லைப் பிடுங்கி, உள்ளே தள்ளி வேலி போட்டவர் என் பெரியப்பா மகன். கூடப் பிறந்த அண்ணன் போலத்தான் வளர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் ஒரே சர்ச், ஒரே ஆராதனை. அவர் முன்வரிசையில் நின்று பாட்டுப் பாடும்போது எனக்கு அந்த வேலிக் கம்பிதான் கண்ணில் தெரியும். ராத்திரி படுத்தால் மனசுக்குள் அவரோடு வாக்குவாதம். எல்லாவற்றிலும் நான்தான் ஜெயிப்பேன், தூக்கம் மட்டும் வராது.

வழக்குப் போட்டாயிற்று. வாய்தா மேல் வாய்தா. அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து நாளில் பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுவேன். அயலாரோடு சமாதானமாயிருக்கிறவர்கள் வாருங்கள் என்று அழைக்கும்போது எப்படிப் போய் முழங்கால் போடுவது? அதைக் கவனித்துத்தான் எங்கள் சபைப் போதகர் ஐயர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். 'ஏழெழுபதுதரமட்டும்' மன்னிக்கச் சொன்ன வசனத்தை ஆரம்பிப்பார், நாமும் நறுக்கென்று பதில் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் கேட்டதோ, "109-ஆம் சங்கீதம் வாசித்திருக்கிறீர்களா?" பைபிளில் விரோதியைச் சபிக்கிற சங்கீதம் அது. அதை வைத்து யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. "கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாய் வாசியுங்கள். உங்கள் மனசில் இருப்பது ஆண்டவருக்குத் தெரியாததா? ஊரில் சொல்வதை அவரிடம் சொல்லுங்கள்" என்றார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வாசித்தேன். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஒன்பதாம் வசனத்தில் நின்றுவிட்டேன்: 'அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்.' அவர் மனைவி, என் மதினி, என் கல்யாணத்துக்கு விடிய விடிய அடுப்படியில் நின்றவர். அவர் மகள் இன்றைக்கும் எதிரே கண்டால் "சித்தப்பா" என்று நிற்கிற பிள்ளை. வாய் வரவில்லை. எனக்கு நிலம் வேண்டும். அவர் குடும்பம் நாசமாய்ப் போக வேண்டாம். இந்த இரண்டையும் நான் இவ்வளவு நாளும் ஒன்றாகவே சுமந்திருக்கிறேன்.

அன்றோடு கோபம் ஓடிப்போயிற்று என்று சாட்சி சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற சாட்சிகளைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். அப்புறமும் பல ராத்திரிகள் அந்தச் சங்கீதத்தைத் திறந்தேன். அந்த வசனம் வரைக்கும் போவதே குறைந்துகொண்டு வந்தது.

வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை. "மன்னித்தவனுக்கு வழக்கு எதற்கு?" என்று சபையில் சிலர் கேட்டார்கள். இவர்களே கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரை உதாரணம் காட்டுவார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவர், ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும், 10 வயதும் 6 வயதுமான இரண்டு பையன்களையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள். மன்னித்துவிட்டேன் என்றார் அந்த அம்மா. 2004 வரை அதே ஒடிசாவில் பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளிகளுக்கு வேலை செய்தார். அதெல்லாம் உண்மை. ஆனால் நீதிமன்றம் அதன் பாட்டுக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பு அவர் கையில் இருந்தது, தண்டனை சட்டத்தின் கையில் இருந்தது. இந்தப் பாதியை விட்டுவிட்டு, அடிபட்டவனை அடக்கி வைக்க அந்த அம்மா பேரை எடுப்பது எனக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்தில் என் வரிசைக்குக் குழம்பு வாளி தூக்கி வந்தவர் அண்ணன்தான். இலைக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். "ஊத்துங்கண்ணே" என்றேன். ஊற்றினார், நிறையவே ஊற்றினார். பேச்சு அவ்வளவுதான். அதற்கடுத்த திருவிருந்துக்கு நான் வெளியே போகவில்லை.

தூத்துக்குடியிலிருந்து:

திருநெல்வேலி அண்ணன் எழுதியதைப் படித்ததும் என்னுடையதையும் சொல்லத் தோன்றியது. நாங்கள் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். உங்களுக்காவது எதிரில் நிற்க ஒரு ஆள் இருந்தார். என் கோபம் செத்துப்போன அப்பா மேல். குடித்துவிட்டு அம்மாவை அடித்தவர், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார். பூசையில் இயேசு கற்பித்த ஜெபத்தில் 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் மன்னிப்பது போல' என்ற இடம் வரும்போது வாயை மூடிக்கொள்வேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அம்மா மட்டும் மெழுகுவர்த்தியும் பூவுமாகப் போவார். அடி வாங்கினவரே போகிறார், எனக்கு என்ன வந்தது என்று அதற்கும் கோபம்.

ஃபாதரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். ஃபாதர், "அம்மாவை அடிப்பதைப் பார்த்துக் கோபம் வராவிட்டால்தான் தப்பு" என்றார். சூம்பின கைக்காரனைக் குணமாக்குவதற்கு முன்னால் இயேசுவே சுற்றிலும் இருந்தவர்களைக் கோபத்தோடு பார்த்தார் என்று மாற்கு 3-ஆம் அதிகாரத்தில் இருப்பதைச் சொன்னார். எனக்கு அது பெரிய விடுதலை. கோபப்பட்டதற்கு வெட்கப்படுவது நின்றது. வெட்கம் போனதும் கோபமும் பழைய வேகத்தில் வரவில்லை, ஏனென்று எனக்கு விளக்கத் தெரியாது. போன வருஷம் அம்மாவோடு கல்லறைக்குப் போனேன். அம்மாவுக்குத் துணையாகத்தான் போனேன், அப்பாவுக்காக என்று சொல்ல இன்னும் மனசு வரவில்லை. அந்த ஜெபத்தை இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து:

ஒரு கேள்வி மட்டும். திருநெல்வேலிக்காரருக்கு: தீர்ப்பு எதிராக வந்தால், உங்கள் அண்ணன் நிலத்தைக் கடைசி வரை தராவிட்டால், இந்தச் சமாதானம் நிற்குமா?

திருநெல்வேலிக்காரரின் பதில்:

நிற்குமா என்று வந்தால்தான் தெரியும். அப்பீலுக்குப் போவேன், அது நிச்சயம். இப்போதைக்குக் கோர்ட் கமிஷனர் வந்து அளக்க நாள் குறித்திருக்கிறார்கள். அண்ணன் தரப்பில் அவர் நிற்பார், என் தரப்பில் நான் நிற்பேன். வெயில் காலம், வருகிறவர்களுக்கு மோருக்குச் சொல்லிவிடுகிறேன் என்று மதினி ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.