கார்பெல்: போதிகையா, ஏந்துகல்லா?

> கார்பெலுக்குப் போதிகை என்றே போட்டுவிடலாமே. இருக்கிற சொல்தானே.

ஐயா, எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கார்பெல் (corbel) என்பது சுவரிலிருந்து வெளியே நீண்டு மேலிருப்பதைத் தாங்கும் கல்; அதற்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்பதுதான் கேள்வி. கில்பெக் தேவாலயக் கட்டுரையின் முதல் வரைவில் போதிகை என்றுதான் எழுதினேன். அப்புறம் படங்களை உற்றுப் பார்த்தபோதுதான் உதைத்தது.

கில்பெக், இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லைப் பக்கம் ஹெரிஃபர்ட்ஷரில் உள்ள கிராமம். 1140 வாக்கில் செம்மணற்கல்லில் கட்டிய சின்னப் பங்குக் கோயில். மக்கள் கூடும் நீள்கூடம், அடுத்துக் குருவானவர் நிற்கும் இடம், கடைசியில் அரைவட்டமாக ஒரு முடிவு, அவ்வளவுதான். ஆனால் இறவாரத்துக்குக் கீழே சுவர் நெடுகக் கல்தலைகள் எட்டிப் பார்க்கின்றன; இவைதான் கார்பெல்கள். இன்றைக்கு 85 மிஞ்சியிருக்கின்றன. ஒன்றில் நாயும் முயலும் பக்கத்துப் பக்கத்தில், இன்று வரைந்த கேலிச்சித்திரம் மாதிரி. இன்னொன்றில் கால் விரித்த பெண்ணுருவம்; ஷீலா-நா-கிக் என்பார்கள், விளக்கம் ஆளுக்கொன்று.

போதிகை தூணின் தலைமேல் உட்கார்ந்து உத்தரத்தைத் தாங்குவது. இங்கே அடியில் தூணே கிடையாது. கல்லின் பின்பாதி சுவருக்குள் புதைந்திருக்கிறது. அதன்மேல் ஏறியிருக்கும் கட்டுமானத்தின் கனம்தான் முன்பாதி கவிழாமல் பிடித்துவைக்கிறது. வேலை வேறு, பெயர் மட்டும் எப்படி ஒன்றாகும்?

> அப்படியானால் பூதவரி?

ஆசையாகத்தான் இருக்கிறது! நம் கோயில்களில் கொடுங்கைக்கு (வளைந்த கல் இறவாரத்துக்கு)க் கீழே குட்டைப் பூதங்கள் கூத்தடிப்பதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். ஆனால் பூதவரி சிற்ப வரிசையின் பெயர், சுமக்கிற கல்லின் பெயர் அன்று. உளி படாத மொட்டைக் கார்பெல்களும் இங்கிலாந்துக் கோயில்களில் நிறைய உண்டு. அவற்றை எந்தப் பூதக் கணக்கில் சேர்ப்பது?

தாங்குகல் என்றும் எழுதிப் பார்த்தேன். படித்தவுடன் சாலையோரச் சுமைதாங்கிதான் கண்முன் வந்தது. போதாததற்கு, அஸ்திவாரக் கல்லும் தாங்குகிற கல்தான். ஏந்துவதற்கோ கை நீட்டியாக வேண்டும். சுவரிலிருந்து நீண்டு இறவாரத்தை வாங்கிக்கொள்கிற கல் என்பதால் என் வாக்கு ஏந்துகல்லுக்கு. வரிசையாக வந்தால் ஏந்துகல் வரி. மரத்தில் செய்தது வந்தால் ஏந்துகட்டை என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஆட்சேபம் இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள். கட்டுரையில் பதினோரு இடத்தில் போதிகையை எடுக்க வேண்டியிருக்கிறது.