விட்டுக்கொடுக்கும் முன் கேட்டார்களா?

குழு: தஞ்சாவூர் வீடு
சனிக்கிழமை

கயல், இரவு 9:04
அம்மாச்சியோடு உட்கார்ந்து இப்போதுதான் ‘கல்யாண பரிசு’ பார்த்து முடித்தேன். கோபம் கோபமாக வருகிறது. வசந்தியும் பாஸ்கரும் காதலிக்கிறார்கள். அக்கா கீதாவுக்கும் அவன்மேல் ஆசை என்று தெரிந்ததும் வசந்தி விட்டுக்கொடுத்துவிடுகிறாள். சரி, அது அவள் மனசு. ஆனால் பாஸ்கருக்கு என்று ஒரு மனசு இல்லையா? அவன் என்ன, அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போக ஒரு புடவையா?

சேகர், இரவு 9:07
அது 1959 படம்மா. அந்தக் காலத்தில் தியாகம் என்றாலே தியேட்டர் முழுக்க அழும். ஜெமினி, சரோஜாதேவி, விஜயகுமாரி. ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். அப்போது அவருக்கு 25 வயதுதான்!

அருண், இரவு 9:08
அப்பா, ஸ்ரீதர் என்றால் ‘காதலிக்க நேரமில்லை’ எடுத்தவர்தானே? நான் அவரைக் காமெடிப் பட இயக்குநர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேகர், இரவு 9:10
அது 1964. அதில் வசனகர்த்தா சித்ராலயா கோபுவின் பங்கு பெரியது. இரண்டு பேரும் செங்கல்பட்டில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். ஆனால் ஸ்ரீதர் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் சேராத காதல்தான். மல்லிகா அக்கா வரட்டும், அக்காவுக்கு இதில் கரை கண்ட ஞானம்.

மல்லிகா, இரவு 9:21
வந்துவிட்டேன். கயல், உன் கோபம் நியாயமானது. ஆனால் நீ பாஸ்கருக்காகக் கோபப்படுகிறாய். எனக்குச் சின்ன வயதிலிருந்து கீதாவை நினைத்துத்தான் மனசு ஆறாது. பாஸ்கருக்காவது என்ன நடக்கிறது என்று தெரியும். வேண்டாவெறுப்பாக என்றாலும் தெரிந்துதான் தாலி கட்டுகிறான். கீதாவுக்கு ஒன்றுமே தெரியாது. உழைத்துத் தங்கையைக் காப்பாற்றிய பெண் அவள். அந்தத் தங்கை காதலித்தவனோடுதான் தனக்குக் கல்யாணம் நடக்கிறது என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. புருஷன் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று புரியாமலே குடும்பம் நடத்துகிறாள். கடைசியில் உண்மை தெரியவரும்போது அவளுக்கு வாழ நாள் மிச்சமில்லை.

வசந்தி கொடுத்ததை வாங்கிக்கொண்ட கீதா அதனால் ஒரு நாளும் சுகப்படவில்லை. ஸ்ரீதர் இதைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். தியாகத்தை மெச்சுகிற படம் என்று எல்லோரும் சொல்வார்கள். தியாகம் என்று ஒருத்தி தனியாக எடுத்த முடிவு மூன்று பேரை என்ன பாடுபடுத்தியது என்று காட்டுகிற படம் அது என்றுதான் நான் சொல்வேன்.

உஷா, இரவு 9:23
அக்கா, அம்மாவுக்கு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “மல்லிகா சொல்வது சரி” என்கிறார்கள். அம்மா இந்தப் படத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் கொட்டகையில் பார்த்தார்களாம். சைக்கிளில் போய்க்கொண்டே பாடுகிற ‘வாடிக்கை மறந்ததும் ஏனோ’ பாட்டுக்காகவும், தங்கவேலு எம்.சரோஜா காமெடிக்காகவும் போனவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்களாம்.

சேகர், இரவு 9:25
பாட்டு முழுக்கப் பட்டுக்கோட்டையார். நம்ம ஊர்க்காரர்! இசை ஏ.எம்.ராஜா. படம் வந்த அதே 1959 அக்டோபரில் பட்டுக்கோட்டையார் போய்விட்டார். 29 வயது.

மல்லிகா, இரவு 9:29
அந்தப் பாட்டுகளிலேயே என் பேச்சுக்குச் சாட்சி இருக்கிறது சேகர். ‘உன்னைக் கண்டு நான் ஆட’ தீபாவளிப் பாட்டு, படத்தில் இரண்டு முறை வரும். முதலில் சுசீலா குரலில், வீடே கொண்டாடுகிற மாதிரி. பிறகு ராஜா குரலில் அதே மெட்டு, அழுகையாக. ஒரு காதல் இருந்த வீடும் அது போன பின் இருக்கிற வீடும் எப்படி இருக்கும் என்று அந்த ஒரே மெட்டில் கேட்டுவிடலாம். வசந்தி செய்தது உயர்ந்த காரியம், எல்லோரும் கைதட்டுங்கள் என்று நினைத்திருந்தால் அந்த இரண்டாவது பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

கயல், இரவு 9:31
பெரியம்மா, கடைசிக் காட்சி? கீதா செத்துப் போகிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வசந்தியைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். கண்டுபிடிக்கும்போது அங்கே அவளுக்குக் கல்யாணம் முடிந்திருக்கிறது. குழந்தையையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டு நடந்து போய்விடுகிறான். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆனால் இதுவும் அதே கதைதானே? அந்தக் குழந்தையை யார் கேட்டார்கள்? மாப்பிள்ளையைத்தான் யார் கேட்டார்கள்?

சேகர், இரவு 9:32
மாப்பிள்ளை நாகேஸ்வர ராவ். கௌரவ வேடம்.

மல்லிகா, இரவு 9:36
மூச்சு நிற்கிற இடம்தான். கீதா இறந்ததும் நடுவில் இருந்த தடை நீங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அங்கே இரண்டு பேரையும் சேர்த்துவைத்து ‘சுபம்’ போட்டிருப்பார்கள். வழி திறந்த பிறகும் போக முடியாதபடி செய்தாரே, அந்தத் துணிச்சல் 25 வயதுப் பையனுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் வியப்பேன்.

அவருக்கு இது புதுசும் இல்லை. இயக்குநர் ஆவதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1954இல், ‘எதிர்பாராதது’ படத்துக்குக் கதை எழுதினார். காதலன் விமான விபத்தில் செத்துவிட்டான் என்று நினைக்கிறார்கள். காதலி அவனுடைய அப்பாவுக்கே இரண்டாம் தாரமாகிவிடுகிறாள். பிறகு அவன் கண் பார்வை இழந்து திரும்பி வருகிறான். சிவாஜியும் பத்மினியும். நாகையா அப்பா. ஒரு காட்சியில் அவன் தன்னை மறந்து அவளை நெருங்க, அவள் அவனை அறைந்துகொண்டே இருப்பாள். அந்த அடி ஒவ்வொன்றும் அவள்மேலேயே விழுவது போல இருக்கும்.

அருண், இரவு 9:38
அத்தை, அப்பாவுக்கே இரண்டாம் தாரமா! 1954இல் இப்படி ஒரு கதையா?

சேகர், இரவு 9:41
ஆனால் அக்கா, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ஸ்ரீதர் ஒரே சாமானை மாற்றி மாற்றி அடுக்கியவர். ஒரு பெண், இரண்டு ஆண். இல்லாவிட்டால் ஒரு ஆண், இரண்டு பெண். யாரோ ஒருவர் விலக வேண்டும். 1978இல் ‘இளமை ஊஞ்சலாடுகிறது’ வரைக்கும் கமல், ரஜினி, ஸ்ரீபிரியா, ஜெயசித்ராவை வைத்து அதையேதான் செய்தார். இதே ‘கல்யாண பரிசு’வைத் தெலுங்கில் 1960இல் ‘பெள்ளி கானுக’ என்று எடுத்தார், இந்தியில் 1961இல் ராஜ் கபூரை வைத்து ‘நஸ்ரானா’ என்று எடுத்தார்.

மல்லிகா, இரவு 9:52
கோபம் இல்லை. ஆட்கள் அதேதான். ஆனால் யார் கொடுக்கிறார்கள், யாரைக் கொடுக்கிறார்கள் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்காமல் ‘முக்கோணக் காதல்’ என்று முத்திரை குத்தி ஓரமாக வைத்துவிடுகிறோம்.

‘சுமைதாங்கி’யில் கொடுக்கிறவன் ஆண். குடும்பப் பாரத்துக்காகக் காதலை விடுகிறான், கடைசியில் பாதிரியாராகிவிடுகிறான். ‘மயக்கமா கலக்கமா’ பாட்டு அதில்தான். சென்னையை விட்டே கிளம்ப இருந்த வாலியை நிறுத்திவைத்த பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதே 1962இல்தான் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. கயல், உன் கேள்விக்குப் பதில் அந்தப் படத்தில் இருக்கிறது. ஏறக்குறைய முழுப் படமும் ஒரே ஆஸ்பத்திரி செட். வேலு புற்றுநோயாளி, முத்துராமன். மனைவி சீதா, தேவிகா. வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் டாக்டர் முரளியைப் பார்த்தால், அவன் அவளுடைய பழைய காதலன், கல்யாண்குமார். வேலுவுக்கு இது தெரிந்துவிடுகிறது. நான் பிழைக்காமல் போனால் நீ முரளியைக் கல்யாணம் செய்துகொள் என்கிறான்.

வசந்தி செய்ததையேதான் வேலுவும் செய்கிறான் பார். அன்பினால்தான். ஆனால் இந்தத் தடவை கொடுக்கப்படுகிற ஆளுக்கு வாய் இருக்கிறது. ‘சொன்னது நீதானா’ என்று சீதா திருப்பிக் கேட்கிறாள். கண்ணதாசன் பாட்டு, விசுவநாதன் ராமமூர்த்தி இசை, சுசீலா குரல். எல்லோரும் அதைச் சோகப் பாட்டு என்று கேட்கிறார்கள். எனக்கு அது கட்டிலில் கிடக்கிற புருஷன்மேல் ஒரு பெண் வைக்கிற வழக்கு. என்னை இன்னொருவருக்குக் கொடுக்க நீ யார் என்பதை அழுதுகொண்டே, சத்தம் போடாமல், அவனை நோகடிக்காமல் கேட்டுவிடுகிறாள். 1959இல் கீதாவும் பாஸ்கரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஸ்ரீதர் 1962இல் தேவிகாவிடம் கொடுத்துவிட்டார்.

கயல், இரவு 9:54
பெரியம்மா!!! அந்தப் பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். என்ன சூழ்நிலையில் பாடுகிறார்கள் என்றே தெரியாது.

அருண், இரவு 9:57
ஒரு நிமிஷம் அத்தை. வேலு பக்கத்தையும் பாருங்கள். 1962இல் ஒரு புருஷன் தன் மனைவியிடம் ‘நான் செத்தால் நீ விதவையாக உட்கார்ந்திருக்காதே, உனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்’ என்கிறான். அது எவ்வளவு பெரிய மனசு! அவனைப் போய்க் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்களே.

உஷா, இரவு 9:58
அருண் சொல்வதும் சரிதானே அக்கா. அந்தக் காலத்தில் நம் தெருவில் யார் வீட்டில் அப்படிச் சொல்லியிருப்பார்கள்?

மல்லிகா, இரவு 10:03
ரொம்பச் சரி. அதனால்தான் படம் இன்றைக்கும் நிற்கிறது. வேலு கெட்டவன் என்றால் இந்தக் கேள்விக்கே கனம் இல்லை. அவன் சொன்னது அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய வார்த்தை. அப்படி இருந்தும் சீதா அவனைக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் நல்லவர்கள், இரண்டு பக்கமும் வலி. நம்பியாரைக் கொண்டுவந்து நிறுத்தி அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டால் நமக்குச் சுலபமாகிவிடும். ஸ்ரீதர் அதைச் செய்யவில்லை.

சேகர், இரவு 10:05
பிடித்தேன் அக்கா! ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் நம்பியார் இருக்கிறாரே! ஜமீன்தார் அப்பா. ஏழைப் பெண்ணை மகன் காதலித்தான் என்று அந்தக் காதலையே அழிக்கிறார்.

மல்லிகா, இரவு 10:10
இருக்கிறார், அது வேறு கதை. அங்கே யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பணமும் அந்தஸ்தும் பிரிக்கின்றன. அப்படிப் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க ஸ்ரீதருக்கு மறுபிறவியே தேவைப்பட்டது. இன்னொன்றைக் கவனித்தாயா? அதிலும் ஜோடி கல்யாண்குமார், தேவிகாதான். 1962இல் டாக்டரும் சீதாவுமாகச் சேர முடியாமல் போனவர்கள் 1963இல் இரண்டு ஜென்மம் எடுத்துச் சேர்ந்தார்கள். அடுத்தடுத்து இரண்டையும் கொட்டகையில் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

உஷா, இரவு 10:12
அம்மா தலையை ஆட்டுகிறார்கள். அதே நினைப்போடுதான் பார்த்தார்களாம். வின்சென்ட் கேமராவில் அந்த ஜமீன் மாளிகையைப் பார்த்துப் பயந்தே போனார்களாம்.

கயல், இரவு 10:14
நெஞ்சில் ஓர் ஆலயம் எப்படி முடியும்? சொல்லிவிடுங்கள், பரவாயில்லை.

மல்லிகா, இரவு 10:19
முரளியே ஆபரேஷன் செய்து வேலுவைக் காப்பாற்றுகிறான். தன் காதலியின் புருஷன் தன் கையில் செத்தான் என்று ஆகிவிடக் கூடாது என்று உயிரைக் கொடுத்து உழைத்து, ஆபரேஷன் வெற்றி என்று ஆனதும் அவன் இறந்துவிடுகிறான். ‘எங்கிருந்தாலும் வாழ்க’ என்று பாடியவன் அவன்தான். ஏ.எல்.ராகவன் குரலில்.

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. சீதா அவ்வளவு பெரிய கேள்வி கேட்டுவிட்டாள். முரளியும் உயிரோடு இருந்து, வேலுவும் பிழைத்து, மூன்று பேரும் அதற்குப் பிறகு எப்படி முகம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று காட்டியிருக்க வேண்டும். டாக்டரின் சாவு அந்த முடிச்சைக் கொஞ்சம் சுலபமாக அவிழ்த்துவிடுகிறது. அதனால் முடிவு என்று பார்த்தால் எனக்குக் கல்யாண பரிசுதான் மேல்.

சேகர், இரவு 10:21
இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’, 1963. அதையும் அவரே இயக்கினார். மீனாகுமாரி, ராஜ்குமார், ராஜேந்திர குமார். வடக்கேயும் அழுதார்கள்.

அருண், இரவு 10:23
அத்தை, ‘வெண்ணிற ஆடை’யும் ஸ்ரீதர்தானே? ஜெயலலிதாவின் முதல் தமிழ்ப் படம். அதுவும் இந்த வரிசையில் வருமா?

மல்லிகா, இரவு 10:31
வரும், என்னை ரொம்பத் தொந்தரவு செய்கிற இடத்தில் வரும். 1965. கணவனை இழந்த அதிர்ச்சியில் மனம் பேதலித்த பெண். அவளைக் குணப்படுத்த வருகிற டாக்டர்மேல் அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது. அவனோ வேறு பெண்ணை விரும்புகிறவன். அது தெரிந்ததும் அவள் விலகி, வெள்ளைப் புடவை கட்டிக்கொள்கிறாள்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு புருஷன் வாயால் ‘மறுமணம் செய்துகொள்’ என்று சொல்லவைத்தவர், இங்கே ஒரு சின்னப் பெண்ணை வெள்ளைப் புடவைக்கே திருப்பி அனுப்பிவிட்டாரே என்று எனக்கு ஆதங்கம். அந்த டாக்டர் இல்லாவிட்டால் போகட்டும், உலகத்தில் வேறு யாருமே இல்லையா? அவளுடைய காதல் கைகூடாமல் போனதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்குத் தண்டனையாக வண்ணத்தையும் எடுத்துக்கொண்டதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

கயல், இரவு 10:33
நானும் மாட்டேன் பெரியம்மா.

சேகர், இரவு 10:36
அக்கா, அதை அவர் சரி என்று சொன்னதாக ஏன் எடுத்துக்கொள்கிறாய்? நம் வீடுகளில் அன்றைக்கு அதுதானே நடந்தது? கீதா கதையை மட்டும் தியாகத்துக்கு எதிராகப் படிக்கிறாய், இதை ஏன் அப்படிப் படிக்கக் கூடாது?

மல்லிகா, இரவு 10:40
நல்ல கேள்வி. கீதா படுகிற பாட்டை நமக்குக் காட்டினார். வசந்தி கொடுத்ததன் விலை படம் முழுக்கத் தெரிகிறது. இங்கே அவள் வெள்ளை உடுத்திய பிறகு அவளுக்கு என்ன ஆனது என்று பார்க்க விடாமல் படத்தை முடித்துவிடுகிறார். இந்த வித்தியாசத்துக்காகத்தான் சொல்கிறேன். ஆனாலும் நீ சொன்னதை மனதில் வைத்து இன்னொரு தடவை பார்க்கிறேன் தம்பி.

உஷா, இரவு 10:42
அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க நேரமாகிவிட்டது. நாளைக்கு நெஞ்சில் ஓர் ஆலயம் போடச் சொல்கிறார்கள். கயல் யூடியூபில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அருண், இரவு 10:43
நானும் இங்கே பெங்களூரில் அதே நேரத்துக்குப் போடுகிறேன் அத்தை. மத்தியானம் 3 மணி. அப்பா, நீங்களும் பாருங்கள். வேலு பக்கம் பேச எனக்கு ஆள் வேண்டும்.

சேகர், இரவு 10:44
சரிப்பா, 3 மணி.