சந்தை போடுறோம், ஆனா யாருக்காகப் போடுறோமோ அவங்க வர்றதில்ல

பசுமைக்கை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க பத்து பேர் சேந்து ரெண்டு வருஷமா சுத்துப்பட்டு விவசாயிங்ககிட்ட நேரா வாங்கி ஞாயித்துக்கிழமை காலைல காய்கறி சந்தை போடுறோம், காலியா கெடந்த ஒரு மனைல கொஞ்சம் தோட்டமும் வச்சிருக்கோம். விலை வெளிய விட கம்மிதான். ஆனா வர்றவங்க எல்லாம் கார்ல வர்றவங்க, கூலி வேலைக்குப் போற குடும்பங்க எட்டிக்கூட பாக்கல. மனசே விட்டுப்போச்சு, எங்க தப்பு பண்றோம்?

கடைசிபஸ்:
எங்கம்மா வீட்டு வேலைக்குப் போனவங்க, ஞாயித்துக்கிழமைதான் அவங்களுக்கு வேலையே ஜாஸ்தி. ராத்திரி எட்டரைக்கு பஸ்ஸ விட்டு எறங்குனா தொறந்திருக்கிற கடைல மிச்சம் இருக்கிறதுதான், வாடிப்போனத உருட்டி உருட்டிப் பாத்து அழுகாததா பொறுக்குவாங்க. அன்னாடக் கூலி கைக்கு வர்றதே சாயங்காலம், வீட்ல ஃப்ரிட்ஜும் கெடையாது, அப்புறம் நீங்க கிலோ கிலோவா கவர்ல கட்டி வச்சா விலை கம்மியானாலும் எப்படி வாங்குவாங்க? கால் கிலோ, நூறு கிராம்னு நிறுத்துக் குடுங்க. சாயங்காலம் பஸ் ஸ்டாப்கிட்ட போடுங்க.

அகல்:
கடைசிபஸ் சொன்னது நூத்துக்கு நூறு. 1996ல ரோம்ல நடந்த உலக உணவு மாநாட்டுலயே, எல்லாருக்கும் எப்பவும் சாப்பாடு கைக்கும் எட்டணும் காசுக்கும் எட்டணும், அதுதான் உணவுப் பாதுகாப்புன்னு சொன்னாங்க. பிரேசில்ல பெலோ ஒரிசோன்ச்சி நகராட்சி 1993ல இதுக்குன்னே தனித் துறை ஆரம்பிச்சுது. வியாபாரிங்களுக்கு நல்லா யாவாரம் ஆகுற எடத்தக் குடுத்துட்டு, பதிலுக்கு சில சாமான நகராட்சி வச்ச விலைக்கு விக்கணும், வாரக்கடைசில ஏழைங்க இருக்கிற ஓரப்பகுதிக்கும் வண்டி ஓட்டிட்டுப் போகணும்னு கண்டிஷன் போட்டாங்க. உங்க ஊர் நகராட்சிலயும் எடம் கேட்டுப் பாருங்க, தன்னார்வத்துல மட்டும் ரொம்ப நாள் இழுக்க முடியாது.

மண்வெட்டி:
அந்த மனைல முன்னாடி என்ன இருந்துச்சு? பழைய கட்டடம், மெக்கானிக் ஷெட்னா மண்ணுல ஈயம் இருக்கலாம், சின்னப் புள்ளைங்க மூளை வளர்ச்சியவே கெடுத்துடும். டெஸ்ட் பண்ற வரைக்கும் அந்த மண்ணுல வெளைஞ்சத யாருக்கும் குடுக்காதீங்க. வெளிய இருந்து நல்ல மண்ணு கொண்டாந்து உயரப் பாத்தி கட்டிப் போடுங்க.

பசுமைக்கை:
ஏழுல இருந்து பத்து வரைக்கும்தான் போடுறோம், கிலோ கவர்தான். இத யோசிக்கவே இல்ல, ரொம்ப நன்றி. மனைல ஒர்க் ஷாப் இருந்துச்சு, நாளைக்கே மண்ணெடுத்து டெஸ்ட்டுக்குக் குடுக்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் தராசோட ஒரு தள்ளுவண்டி நிறுத்திப் பாக்கலாம்னு பேசிட்டோம். விடியக்காலைல பறிச்சது ராத்திரி எட்டரை வரைக்கும் வாடாம இருக்கணுமே, ஈரச் சாக்கு போட்டா தாங்குமா?