டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் மீட்டரை எங்கே வைக்கலாம்?

கேள்வி: பழைய டீசல் ஜீப்புக்கு 52 மி.மீ. மீட்டர் ரெண்டு வாங்கியாச்சு. டேஷ்போர்டு நடுவிலயா, ஸ்டீயரிங் பக்கமா? பேச்சிப்பாறை ஏத்தத்தில் ஒரே பார்வையில் தெரியணும்.

பதில் 1: அண்ணாச்சி, உடனே ஓட்டை போடாதீங்க. ஓட்டுற நிலையில சீட்டை வச்சு, 52 மி.மீ. அட்டை வட்டம் ரெண்டை டேப்பால ஒட்டி ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க. ஸ்டீயரிங் வளையத்தின் மேல்பாதி வழியா தெரியுற இடந்தான் முதல் தரம். நடுவுல வச்சா கண்ணு ரோட்டை விட்டு ரொம்ப விலகும். டொயோட்டா எட்டியோஸ்ல நடுவுலதான் இருந்துச்சு; பழகலாம், ஆனா அது ஸ்பீடோமீட்டர். எச்சரிக்கை மீட்டருக்கு அந்த இடம் வேண்டாம். இன்னொண்ணு: மீட்டரைத் திருப்பிப் பொருத்துங்க. எஞ்சின் நல்லா இருக்கும்போது ரெண்டு முள்ளும் நேரா மேல நிக்கணும். சாஞ்சா எண்ணைப் படிக்காமலே தெரிஞ்சிரும்.

பதில் 2: முன்கண்ணாடி ஓரத்துத் தூணுல மாட்டாதீங்க, வளைவுல பைக் மறையும். குழாய் வழியா ஆயில் வர்ற மெக்கானிக்கல் மீட்டரும் வேண்டாம். குழாய் வெடிச்சா கொதிக்கிற ஆயில் காலுல. சென்சார் வச்ச எலக்ட்ரிக் மீட்டர் போதும்.

பதில் 3: சாயங்காலம் மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவில் வந்தா வெயில் பின்னாலருந்து மீட்டர் கண்ணாடியில அடிக்கும். லேசா கீழ சாய்ச்சு, மேல ஒரு மறைப்பு வைங்க.

கேள்வி கேட்டவர்: ஹெட்லைட் போட்டா முள் ஏறுமாமே?

பதில் 2: எர்த் (வண்டி பாடிக்குப் போற மைனஸ் இணைப்பு) கோளாறு. கடல்காத்துல டெர்மினல் பச்சை பூக்கும். சுரண்டி, கிரீஸ் தடவி முறுக்குங்க. ஒத்தை வயர் சென்சாருக்கு மரை வழியாத்தான் எர்த்; அதுல டெஃப்லான் டேப்பை அதிகம் சுத்தினாலும் எர்த் கெடும்.