முதல் தடவை தனியாகச் சிங்கப்பூர்: பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, டிக்கெட்டில் என்ன போடுவது?

மல்லிகைப்பந்தல்:
வணக்கம். மதுரைக்காரி. சென்னை வழியாகத் தனியாக ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறேன், வெளிநாட்டுப் பயணம் இதுதான் முதல். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடத்தில் என் பெயர் மட்டும், சர்நேம் காலி. ஆதாரில் இனிஷியலோடு இருக்கிறது. டிக்கெட் தளமோ லாஸ்ட் நேம் போடாமல் அடுத்த பக்கம் போக மறுக்கிறது. அப்பா பெயரைப் போட்டுவிடலாமா? பணம் எப்படி எடுத்துப் போவது? வீட்டில் பொடி, ஊறுகாய் கட்டித் தருகிறார்கள், கொண்டுபோகலாமா?

துறைமுகத்தான்:
அப்பா பெயரைப் போடாதீர்கள். நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறே அதுதான். அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது; போட்டோ பக்கத்தின் அடியில், இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் இல்லை. செக்-இன் கவுண்ட்டரில் ஸ்கேன் செய்யும்போது அந்த வரியைத்தான் எடுக்கும். டிக்கெட்டில் இருக்கும் பெயர் அதோடு பொருந்தாவிட்டால் போர்டிங் பாஸ் தராமல் நிறுத்திவைப்பார்கள். ஆதாரை இந்தப் பயணத்துக்கு மறந்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது: லாஸ்ட் நேம் கட்டத்தில் உங்கள் பெயர். ஃபர்ஸ்ட் நேம் கட்டத்துக்குச் சில விமான நிறுவனங்கள் அதே பெயரை மறுபடி போடச் சொல்லும், சில எஃப்என்யூ (FNU, 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம்) என்ற மூன்றெழுத்தைப் போடச் சொல்லும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய உதவிப் பக்கத்தைப் பாருங்கள். டிக்கெட் போட்டபின் பெயர் மாற்றக் கட்டணம் உண்டு. மலிவு டிக்கெட் என்றால் புது டிக்கெட்டே எடுக்க நேரலாம்.

பாஸ்போர்ட், சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா நமக்குக் கட்டாயம். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக 14ஏ படிவம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), மறுத்தாலும் திரும்ப வராது. ஏஜென்ட் கூலி தனி. போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டுடியோவில் 'பாஸ்போர்ட் சைஸ்' என்று மட்டும் சொன்னால் வேறு அளவில் கொடுத்துவிடுவார்கள். அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூர் வருகைப் படிவம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், ஐசிஏ (சிங்கப்பூர் குடிநுழைவுத் துறை) தளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். தேடினால் மேலே வரும் விளம்பரத் தளங்கள் பணம் கேட்கும், அவை அரசுத் தளங்கள் அல்ல.

தேதியில் கவனம்! நள்ளிரவு 12.30 விமானம் 14ஆம் தேதி என்றால், 13ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஹோட்டல் புக்கிங்கில் ஒரு நாள் தப்புவதும் இங்கேதான்.

சில்லறைக்காசு:
பணம் பற்றி நான் சொல்கிறேன். ஐந்து நாளுக்கு 200 வெள்ளி நோட்டாக, மீதி கார்டில் என்பது என் கணக்கு. ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் ரொக்கம் அல்லது அந்த ஊர் கியூஆர்தான். நோட்டை அங்கீகாரம் பெற்ற மணி சேஞ்சரிடம் வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இந்திய ரூபாய் 25,000க்கு மேல் வெளியே கொண்டுபோகக் கூடாது.

வங்கி ஆப்பில் 'இன்டர்நேஷனல் யூசேஜ்' பெரும்பாலும் அணைத்தே இருக்கும். கிளம்பும் முன்பே போட்டு, தினசரி வரம்பும் வையுங்கள். ரோமிங் பேக்கையும் இங்கேயே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஓடிபி வராமல் கார்டு இருந்தும் பயனில்லை. கடையிலோ ஏடிஎம்மிலோ 'ரூபாயிலா, வெள்ளியிலா' என்று திரையில் கேட்டால் வெள்ளியையே அழுத்துங்கள். ரூபாய் கணக்கு பார்க்க வசதி, ஆனால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் மோசம்.

எம்ஆர்டியில் (அந்த ஊர் மெட்ரோ ரயில்) விசா கார்டு, மாஸ்டர்கார்டைத் தட்டியே போகலாம். வெளிநாட்டுக் கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு (சிங்கப்பூர் சென்ட்) கூடுதல். உள்ளே கார்டைத் தட்டிவிட்டு வெளியே போனைத் தட்டாதீர்கள். ஒரே கார்டு இணைத்திருந்தாலும் இரண்டு தனிப் பயணமாக எடுத்துக்கொண்டு கட்டணம் கூடிவிடும்.

அடுப்பங்கரை:
கசகசா வேண்டவே வேண்டாம்மா. அங்கே அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தடை செய்த பொருள். அம்மா அரைத்த குருமாப் பொடியில் கலந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், கலந்திருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆட்டிறைச்சி ஊறுகாய், சூயிங் கம், மெல்லும் புகையிலை, மின் சிகரெட்டும் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கே இல்லை, ஒன்று வைத்திருந்தாலும் அறிவிக்க வேண்டும்.

இட்லிப் பொடியைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். எண்ணெய் ஊறுகாயும் பெட்டியில்தான். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். மூடியைச் சுற்றி டேப், அதற்கு மேல் இரண்டு பாலித்தீன் உறை. பவர் பேங்க் மட்டும் நேர் எதிர், கைப்பையில்தான். 20,000 எம்ஏஹெச் என்றால் சுமார் 74 வாட்-அவர், 100க்குள் இருப்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் அதன்மேல் அளவைக் காட்டும் எழுத்து அழிந்திருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

மல்லிகைப்பந்தல்:
மிக்க நன்றி. கசகசா நினைத்தே பார்க்கவில்லை! விமானம் காலை ஆறரைக்கு இறங்குகிறது, லிட்டில் இந்தியாவில் அறை மூன்று மணிக்குத்தான். என்ன செய்வது?

துறைமுகத்தான்:
பெட்டியை ஹோட்டலில் முன்கூட்டியே வைக்கலாமா என்று இன்றே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். சாங்கி இரண்டாம், மூன்றாம் முனையத்துக்கு அடியில் எம்ஆர்டி. அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீல நிற டவுன்டவுன் தடத்தில் ஏறினால், மாறாமல் லிட்டில் இந்தியாவிலேயே இறங்கலாம். எதிரே தேக்கா சந்தை, அங்கேயே காலைச் சாப்பாடு. கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே தள்ள மறக்காதீர்கள். உங்களுக்கு அப்போது நடு இரவுத் தூக்கம் என்பதால் முதல் நாளில் பெரிதாக எதுவும் புக் செய்யாதீர்கள்.