அப்பாவின் ஸ்கோர் நோட்டில் விடுபட்ட ஓவர்கள்

மூத்த மகள்

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. அலமாரியைக் காலி செய்யும்போது பதினோரு நீள நோட்டுகள் கிடைத்தன. எல்லாமே கிரிக்கெட் ஸ்கோர். ரேடியோவில் கேட்டதும் டிவியில் பார்த்ததுமான ஆட்டங்களைத் தானே கோடு போட்டு, பந்துக்குப் பந்து எழுதி வைத்திருக்கிறார்.

ஸ்கோர் எழுதிப் பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஒரு ஓவரின் ஆறு பந்தும் புள்ளியானால் அது மெய்டன். மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் இருக்கும் அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து ‘எம்’ ஆக்குவார்கள். அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் ‘டபிள்யூ’. நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே எழுதக் கற்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இவைதான். ஆட்டம் முடிந்ததும் பேட்ஸ்மேன்கள் கணக்கு, உதிரி ரன், மொத்தம் எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்ப்பார். ஒரு ரன் குறைந்தாலும் "கணக்கு இடிக்குதே" என்று நள்ளிரவு வரை தேடுவார். அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவாள். டார்ச் வைத்துத் தேடுவார்.

நோட்டுகளில் அங்கங்கே ஓட்டை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் இன்னிங்ஸில் நாலு ஓவர், ஏழு ஓவர் காலியாகக் கிடக்கும். ஓரத்தில் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். இறுதி ஸ்கோரை மட்டும் மறுநாள் பேப்பர் பார்த்து எழுதியிருக்கிறார். தான் பார்க்காத பந்தை எழுத மாட்டார்.

ஒரு ஓட்டைக்கு மட்டும் எனக்கு விடை தெரியும். 22.4.1998, ஷார்ஜா, ஆஸ்திரேலியாவுடன். நடுவில் மணற்புயல் வந்து ஆட்டம் நின்றது. இலக்கை 46 ஓவரில் 276 என்று மாற்றினார்கள். சச்சின் 143 அடித்தார். இந்தியா தோற்றும் ஃபைனலுக்குப் போனது. அப்பாவின் எழுத்து மணற்புயலோடு நின்றுவிட்டது. எனக்கு அப்போது ஆறு வயது, காது வலி. தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். டிவி சத்தம் எனக்கு வலிக்கும் என்று அணைக்கச் சொன்னதும் அவர்தான். பக்கத்து வீடுகளில் கத்துவது கேட்கும்போதெல்லாம் அவர் நடை ஒரு நொடி நிற்கும், அப்புறம் தொடரும். அன்று அவர் எதைத் தவறவிட்டார் என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

மற்றவை தெரியவில்லை. 17.6.1999, 13.7.2002, 14.7.2019 மூன்றும் பெரிய ஆட்டங்கள். நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். வேறு நினைவு இருந்தாலும் எழுதுங்கள்.

தம்பி மகன்

அக்கா, 17.6.1999 நான்தான். கணக்கில் ஃபெயில். வீட்டுக்குப் போகப் பயந்து பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். என் அப்பா ஒரு பக்கம் தேட, பெரியப்பா இன்னொரு பக்கம். அவர்தான் கண்டுபிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை. "ஏண்டா, ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் செமி ஃபைனல் ஆடுறாங்க. குளூஸ்னர் இன்னும் ஆடணும். பாதியில விட்டுட்டு வந்திருக்கேன், வா போய்ப் பாக்கலாம்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு அணியும் 213. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு ஒன்பது ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். குளூஸ்னர் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பிவிட்டார். நாலாவது பந்தில் டொனால்டு ரன் அவுட். ஆட்டம் டை. ஆனால் முந்தைய சுற்றான சூப்பர் சிக்ஸ் பட்டியலில் மேலே இருந்ததால் ஆஸ்திரேலியா ஃபைனலுக்குப் போனது. பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். "யாரும் தோக்கலையாம், ஆனா ஒருத்தன் வெளியே போகணுமாம். இது என்னடா நியாயம்?" எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே எரிச்சலா என்று இன்றுவரை தெரியாது. நிஜமான எரிச்சல்தான் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இளைய மகன்

அக்கா, அப்பாவை ரொம்பவும் தெய்வமாக்க வேண்டாம். 13.7.2002 ஓட்டைக்கு யாரும் காரணம் இல்லை. லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துடன் ஃபைனல், இலக்கு 326. சச்சின் அவுட் ஆனபோது 146க்கு ஐந்து விக்கெட். அப்பா நோட்டை மூடி, "முடிஞ்சுது, படுங்க" என்று டிவியை அணைத்துவிட்டார். நான் கெஞ்சினேன். திட்டு விழுந்தது. யுவராஜ் 69, கைஃப் ஆட்டமிழக்காமல் 87, மூன்று பந்து மிச்சம் வைத்து ஜெயித்தார்கள். மறுநாளிலிருந்து ஊரெல்லாம் "கைஃப் மேல எனக்கு அப்பவே நம்பிக்கை இருந்துச்சு" என்று சொல்லித் திரிந்தார். அவர் உயிரோடு இருக்கும்வரை நான் காட்டிக்கொடுக்கவில்லை. இனி சொல்லலாம்.

உடன் வேலை பார்த்தவர்

சாரோடு பன்னிரண்டு வருடம் அலுவலக வாலிபால் அணியில் ஆடினேன். அவர் செட்டர். அடிக்கவே மாட்டார், தூக்கிக் கொடுப்பார். நோட்டுக் கதைக்குப் பொருத்தமாக ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. எதிரணி சர்வீஸில் நாம் ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும், புள்ளி ஏறாது. 15 எடுக்க வேண்டிய ஒரு செட் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சார் வீட்டில் ஆறு மணி என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். பாதி செட்டில் "மாத்து ஆள் போடுங்கப்பா, பொண்ணு டியூஷன் வாசல்ல நிக்கும்" என்று கிளம்பிவிடுவார். கேப்டனுக்கும் அவருக்கும் இதில் பலமுறை சண்டை.

1990களின் இறுதியில் விதியை மாற்றினார்கள். யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, 25க்கு ஒரு செட். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் முணுமுணுத்தோம். சாருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "இனிமே எத்தனை மணிக்கு வருவேன்னு வீட்ல சொல்லிட்டு வரலாம்" என்றார்.

எதிர் வீட்டுப் பெண்

நான் 400 மீட்டர் ஓடுவேன். மாமாதான் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் டெரெக் ரெட்மாண்ட் அரையிறுதியில் தொடைத்தசை கிழிந்து விழ, அவருடைய அப்பா பாதுகாப்பு ஆட்களைத் தாண்டி ஓடிவந்து மகனைத் தாங்கிப் பிடித்து எல்லைக்கோடு வரை நடத்திக் கூட்டிப்போனாரே, அந்தக் கதையை மாமா எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் குரல் கம்மும். சொல்லி முடித்ததும் கண்டிப்பாக ஒரு எச்சரிக்கை வரும். "கேக்க நல்லாருக்கும் கண்ணு. ஆனா உனக்குத் தசை இழுத்துச்சுன்னா ஓடாத, அங்கேயே உக்காரு. நான் வந்துருவேன்."

ஒருமுறை உட்கார்ந்தேன். வந்தார்.

மருமகன்

14.7.2019 எனக்குத் தெரியும். அன்று கிரிக்கெட் உலகக்கோப்பை ஃபைனலும் விம்பிள்டன் ஃபைனலும் ஒரே நாள். மாமா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்த தவிப்பு இருக்கிறதே! ஃபெடரர், ஜோகோவிச் ஆட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மூன்று நிமிடம்தான் குறைவு. கிரிக்கெட்டில் 50 ஓவர் முடிவில் டை. டையைத் தீர்க்க அணிக்கு ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவருக்கு முன்னால் பாப்பா வந்து அவர் வலது கையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். ஒன்றரை வயது. நோட்டு மடியில், பேனா விரலில், கையை அசைக்க முடியவில்லை.

"நான் எழுதட்டுமா மாமா" என்றேன். உஷ் என்று கண்ணைக் காட்டினார். அப்புறம் மெதுவாக, "நினைவு வெச்சுக்குங்க மாப்ள, அப்புறமா எழுதிக்கலாம்." நான் மறந்துவிட்டேன். சூப்பர் ஓவரும் சமமாகி, அதிக பவுண்டரி அடித்த கணக்கில் இங்கிலாந்துக்குக் கோப்பை என்றதும் 1999ஐ இழுத்து மறுபடி ஆரம்பித்துவிட்டார், எழுதுவது அதோடு போயிற்று. ஆக, அந்த ஒரு ஓட்டை மட்டும் அவர் பார்த்த பந்துகள். நேற்று அந்த ஓவர்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்து: 3, 1, 4, 1, 2, 4. நியூசிலாந்து: வைட், 2, 6, 2, 2, 1, கடைசிப் பந்தில் ஒரு ரன்னோடு ரன் அவுட்.

மூத்த மகள்

பார்த்த பந்து என்றால் எழுதலாம். நோட்டைப் பாப்பாவிடம் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். வைட் எப்படிப் போடுவது என்று கேட்டாள். கூட்டல் குறி என்றேன். எழுதி முடித்து, விரல் விட்டு எண்ணிக் கூட்டினாள். மேலே 15. கீழே 14.

வைட்டுக்கான ஒரு ரன்னைச் சேர்க்க மறந்திருக்கிறாள். கணக்கு இடிக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை.