இத்தாலிய 'நெகதீவோ': ஆங்கிலத்தில் எப்போதும் 'நெகட்டிவ்' தானா?

கேள்வி:
இத்தாலிய ஆவணங்களை ஆங்கிலத்துக்கு மாற்றுகையில் 'நெகதீவோ' வரும் இடமெல்லாம் 'நெகட்டிவ்' என்றே போடுகிறேன். இப்போது ஒரு தேர்வுக் கடிதத்தில் 'எசிதோ நெகதீவோ' என்றிருக்கிறது. 'நெகட்டிவ் ரிசல்ட்' என்று எழுதலாமா?

பதில்:
வேண்டாம். 'எசிதோ' என்றால் முடிவு. எதன் முடிவு என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்துச் சொல்லைத் தொட வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருந்தால் 'நெகட்டிவ்' சரி. தேடிய கிருமி இல்லை, நல்ல செய்தி. தேர்வுக் கடிதத்தில் அதே இரண்டு சொல்லுக்கும் 'தேறவில்லை' என்று பொருள், 'ஃபெயில்' என்றே எழுதுங்கள். வேலை விண்ணப்பம் என்றால் 'அன்சக்சஸ்ஃபுல்'. போலீஸ் சோதனை அறிக்கை என்றால் எதுவும் சிக்கவில்லை என்று அர்த்தம்.

படிவங்களில் 'இன் காசோ நெகதீவோ' என்று வரும். மேலே கேட்ட கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால் என்று பொருள். ஆங்கிலத்தில் 'இஃப் நாட்' போதும். 'நெகட்டிவ் கேஸ்' என்று போட்டால் படிப்பவர் நோயாளியைத் தேடுவார்.

இன்னொரு பதில்:
மேலே சொன்னது சரி. விகுதியையும் கவனியுங்கள். ஆண்பால் ஒருமைக்கு 'நெகதீவோ', பன்மைக்கு 'நெகதீவி'. பெண்பால் ஒருமைக்கு 'நெகதீவா', பன்மைக்கு 'நெகதீவே'. இந்தக் கடைசி வடிவம்தான் ஆபத்து: எழுத்துக்கு எழுத்து ஆங்கில 'நெகட்டிவ்' போலவே இருக்கும். மொழிபெயர்க்காமல் விட்டாலும் எழுத்துப்பிழை திருத்தி காட்டிக்கொடுக்காது.

'ரிசுல்தாதா நெகதீவா' ('நெகட்டிவ் என்று வந்தது' என்பதன் பெண்பால் வடிவம்) என்று கண்டவுடன் 'ஷீ டெஸ்டட் நெகட்டிவ்' என்று எழுதிவிடாதீர்கள். இத்தாலியனில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது சகஜம். 'பியோப்சீயா', அதாவது திசுப் பரிசோதனை, பெண்பால் சொல். 'நெகதீவா' அதைக் குறித்திருக்கலாம். நோயாளி ஆணாகவும் இருக்கலாம். முந்தைய வாக்கியத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மற்றொரு பதில்:
மருத்துவச் சீட்டு பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். ரத்த வகையில் ஆங்கில 'ஓ' எழுத்து வரும் இடத்தில் இத்தாலியர் பூஜ்யம் போடுவார்கள், 'த்ஸேரோ நெகதீவோ' என்று வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் அதை 'ஓ நெகட்டிவ்' என்று எழுத்தாகவே மாற்ற வேண்டும்.

வெப்பநிலை அளவைச் சொல்லும்போது பேச்சில் பொதுவாக இந்தச் சொல் வராது. 'மேனோ சின்க்வே' என்றால் மைனஸ் 5. 'இல் நெகதீவோ' என்று தனிப் பெயராக, புகைப்படம் பற்றிய பேச்சில் வந்தால், ஃபிலிம் நெகட்டிவ்தான்.